புயல் கூண்டு ஏறாத ஊர்

1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு புயல் கரையேறியது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. மறுநாள் காலை அது கேரளக் கரையைத் தாண்டி லட்சத்தீவுக் கடலில் இறங்கிவிட்டது. வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் நடுவே அது கழித்த அந்த ஒரு நாளைப் பற்றி வானிலைத் துறையின் புயல் பட்டியல் சொல்வது ஒரே செய்திதான்: தமிழகத்தின் உள்பகுதிகளில் வலுவிழந்தது.

அந்த ‘உள்பகுதி’க்குள் திண்டுக்கல் சமவெளி இருக்கிறது.

குடகனாறு கீழ்ப்பழனி மலைகளில் பிறந்து, ஆத்தூர் வழியாக இறங்கி, திண்டுக்கல்லை ஒட்டி வடக்கே ஓடி, வேடசந்தூரைத் தாண்டி அமராவதியில் கலக்கும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வேடசந்தூர் வட்டம் அழகாபுரியில் இதன் குறுக்கே ஒரு மண் அணை நின்றது. அடித்தளத்தின் ஆழமான இடத்திலிருந்து 15.75 மீட்டர் உயரம், 1.23 கோடி கனமீட்டர் கொள்ளளவு. நீரை வெளியேற்ற, ஒவ்வொன்றும் 3.05 மீட்டர் அகலத்தில் ஐந்து ஷட்டர்கள். வினாடிக்கு 1,275 கனமீட்டர் வெள்ளம் வரை தாங்கும் என்று கணக்கிட்டுக் கட்டியிருந்தார்கள்.

அந்த நவம்பரில் கணக்கை மீறி வெள்ளம் வந்தது. வந்த வேளையில் மின்சாரம் நின்றுபோனது. ஷட்டர்கள் பாதி ஏறிய நிலையில் நின்றன. ஜெனரேட்டரை இயக்கியும் பயனில்லை. ஊழியர்கள் கையாலேயே ஷட்டர்களைத் தூக்கப் பார்த்தார்கள். அதற்குள் நீர் மண்கரையின் உச்சியைத் தாண்டிவிட்டது. மண் அணைக்கு இதைவிடக் கொடிய நிலை இல்லை. பின்புறச் சரிவில் அருவியாக விழுந்த நீர் மண்ணை அரித்து அரித்துக் கரையையே கொண்டுபோனது. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் நீளம் வரை பல இடங்களில் உடைப்புகள். இந்திய அணைகள் உடைந்த வரலாற்றைப் பாடமாகப் படிக்கும் பொறியியல் மாணவர்களுக்குக் குடகனாறு அணையின் பெயர் இன்றும் தெரியும். அதைக் கொண்டுபோன மழையைக் கொட்டியது, புயல் பட்டியலில் அப்போதே வலுவிழந்துகொண்டிருந்த ஒரு புயல்.

அந்தப் புயலில் தமிழகத்தில் 560 பேர் இறந்தார்கள், 10 லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஆனால் அடுத்த வாரமே, நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தின் திவிசீமாவில் கடல் ஊருக்குள் புகுந்து பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களை எடுத்துக்கொண்டது. நாட்டின் கவனம் அங்கே போனது, போக வேண்டியதுதான். வேடசந்தூரின் துயரம் அந்தப் பெருந்துயரத்தின் நிழலில் மறைந்துபோனது.

ஒரு புயலின் கதை கரையோடு முடிந்துவிடுவதாக ஏன் எழுதப்பட்டது? புயலைப் பற்றிப் பேசும் மொழியே கப்பல்களுக்காக உருவானது என்பதுதான் காரணம். அந்த மொழி உள்நாட்டுக்கு வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

‘சைக்ளோன்’ என்ற சொல்லை உருவாக்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். வங்கக் கடலில் சிக்கிய கப்பல்களின் பதிவேடுகளைத் திரட்டி, காற்று எப்படிச் சுழன்றது, கப்பல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தால் தப்பியிருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1848-ல் அவர் வெளியிட்ட கையேடு மாலுமிகளுக்கானது. கல்கத்தாவுக்குத் தெற்கே கானிங்கில் புதுத் துறைமுகம் கட்ட அரசு முனைந்தபோது, ஒருநாள் புயலலை அந்த இடத்தை அழிக்கும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு எழுதினார். யாரும் கேட்கவில்லை. 1858-ல் அவர் இறந்தார். 1867-ல் கானிங் துறைமுகம் புயலில் அழிந்தது.

இதற்கிடையே 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயல் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை நொறுக்கிப் பல்லாயிரம் பேரைக் கொன்றது. மறு ஆண்டே அங்கே புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. எச்.எஃப். பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் வங்கக் கடல் புயல்களைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். அதுவும் மாலுமிகளை மனத்தில் வைத்து எழுதியதுதான். பிறகு துறைமுகங்கள்தோறும் கம்பங்கள் நின்றன. பகலில் கூண்டுகள், இரவில் விளக்குகள். சென்னை, கடலூர், நாகை, பாம்பன், தூத்துக்குடி என்று ஒவ்வொரு துறையிலும் ‘1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்ற செய்தி இன்றும் ஐப்பசி, கார்த்திகையில் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. எங்கோ தொலைவில் கடல் கொந்தளிக்கிறது என்றால் 1. பேரபாயம் என்றால் 10. வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டால் 11.

திண்டுக்கல்லுக்குக் கோட்டை உண்டு, பூட்டு உண்டு, தோல் பதனிடும் கிடங்குகள் உண்டு. துறைமுகம் கிடையாது. கூண்டு ஏற்றக் கம்பமும் கிடையாது.

தரம் பிரிக்கும் முறையைப் பார்த்தால் கப்பலின் சாயல் இன்னும் தெளிவாகத் தெரியும். காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொடாத வரை அது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31-ஐத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50-ஐத் தொட்டால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ல் புயல், 89-ல் தீவிரப் புயல், 118-ல் மிகத் தீவிரப் புயல். அதற்கு மேலுள்ள படிகள் பின்னால் சேர்ந்தவை. 31, 50, 62, 89, 118 என்ற இந்த ஒழுங்கற்ற எண்கள் எங்கிருந்து வந்தன? நாட் கணக்கில் சொன்னால் 17, 28, 34, 48, 64. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-ஐ ஒட்டி வகுத்த காற்று அளவுகோலில் 5, 7, 8, 10, 12 ஆகிய எண்கள் தொடங்கும் இடங்கள்தான் இவை. ஒரு போர்க்கப்பல் எந்தக் காற்றில் எத்தனை பாய் விரிக்கலாம், எப்போது எல்லாவற்றையும் சுருட்டிவிட வேண்டும் என்பதுதான் போஃபர்ட்டின் அளவுகோல். இன்று தொலைக்காட்சியில் ‘தாழ்வு மண்டலமாக வலுப்பெறக்கூடும்’ என்று கேட்கும்போது, அந்தப் பாய்மரங்களின் கணக்கைத்தான் கேட்கிறோம்.

இந்தக் கணக்கில் மழைக்கு இடமே இல்லை. படி ஏறுவதும் இறங்குவதும் காற்றை மட்டும் வைத்துத்தான். பாய்மரத்துக்கு அது போதும். மானாவாரிக் கடலைக்காட்டுக்கும் மண்கரை அணைக்கும் அது போதாது.

மழையைப் புரிந்துகொள்ளும் முயற்சி இந்த மாவட்டத்தின் மலை மேலேயே ஒருமுறை நடந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை ஏன் பொய்க்கிறது என்று அரசு தேடத் தொடங்கியது. சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் நம்பிய காலம் அது. பஞ்ச விசாரணைக் குழு சூரியனைத் தொடர்ந்து கவனிக்கப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையின் தொடர்ச்சியாகவே, சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வானாய்வுக் கூடத்தின் பணி 1899-ல் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. மிச்சி ஸ்மித் அதை நிறுவினார். 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நகரும் விதத்தைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். 1971 வரை அந்தக் கூடம் வானிலைத் துறையின் கீழேயே இருந்தது. பஞ்சத்துக்கு விடை தேடிப் பிறந்த கூடம் சூரியனைப் பற்றி நிறையச் சொன்னது. திண்டுக்கல் சமவெளிக்கு மழையைக் கொண்டுவருவது எது என்ற கேள்விக்கு விடை வேறொரு கடலிலிருந்து வந்தது.

கரீபியன் கடல் அது. அதன் வானிலையை ஆராய்ந்த அமெரிக்கர் கார்டன் டன், அழுத்தமானியில் ஒரு சிக்கலைக் கண்டார். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் தானாகவே இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம், மாலை 4-க்கும் விடியற்காலை 4-க்கும் தாழ்வு. திண்டுக்கல்லிலும் அப்படித்தான். இந்த அன்றாட ஏற்றஇறக்கம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் அளவு இருக்கும். வரப்போகும் மழையின் அறிகுறியோ ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல்தான். பெரிய ஆட்டத்துக்குள் சிறிய ஆட்டம் மறைந்துவிடுகிறது. டன் செய்தது எளிய வேலை. நேற்று இதே நேரத்தில் இருந்த அழுத்தத்தை இன்றைய அழுத்தத்தோடு ஒப்பிட்டார். அன்றாட ஆட்டம் கழிந்துபோனது. தீவு தீவாகக் கிழக்கிலிருந்து மேற்கே நகரும் ஒரு தாழ்வு தெரிந்தது. இதை அவர் 1940-ல் வெளியிட்டார். 1945-ல் ஹெர்பர்ட் ரீல், பலூன்கள் காட்டிய மேல்காற்றை வைத்து அதன் உடலமைப்பையே வரைந்துவிட்டார். கிழக்குக் காற்றோட்டத்தில் வடக்கு தெற்காக ஒரு வளைவு, அதற்கு முன்னால் வடகிழக்குக் காற்றும் தெளிவான வானமும், பின்னால் தென்கிழக்குக் காற்றும் மேகமும் மழையும். ‘கிழக்கு அலை’ என்று அதற்குப் பெயர் நிலைத்தது.

ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்குக்குள் ஆண்டுக்குச் சுமார் அறுபது அலைகள் இறங்குகின்றன. அவற்றில் மிகச் சிலவே சூறாவளி ஆகின்றன. ஆனால் அங்கே உருவாகும் பெரும் சூறாவளிகளில் பெரும்பாலானவற்றின் பிறப்பு இந்த அலைகளில்தான். எந்த அலை சுழலத் தொடங்கும் என்பதுதான் முன்னறிவிப்பாளரின் தலைவேதனை. கடல் 26.5 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். கீழ்க்காற்றும் மேல்காற்றும் பெரிதாக முரண்படக் கூடாது, முரண்பட்டால் எழும் மேகக்கோபுரம் சாய்ந்துவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகியும் இருக்க வேண்டும். எல்லாம் கூடினாலும் சில அலைகள் ஒன்றும் ஆகாமல் மழையை மட்டும் விட்டுவிட்டுப் போகும்.

வடகிழக்குப் பருவத்தில் நம் கடலிலும் இப்படி அலைகள் வருகின்றன. சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிக்கையில் ‘கிழக்கு திசைக் காற்றில் நிலவும் வேக மாறுபாடு காரணமாக’ என்று தொடங்கும் வாக்கியத்தைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. அதற்கு அடுத்த நிலை ‘வளிமண்டல கீழடுக்கு சுழற்சி’. காற்று வட்டமடிக்கத் தொடங்கிவிட்டது, ஆனால் தரை வரைபடத்தில் அழுத்தக் கோடு இன்னும் மூடிய வட்டமாகவில்லை என்று பொருள். இரண்டு ஹெக்டோபாஸ்கல் இடைவெளியில் வரையும் கோடுகளில் ஒன்று மூடிக்கொண்டால் தாழ்வுப் பகுதி. இரண்டு மூடினால் தாழ்வு மண்டலம். கடல் நடுவே அளக்க ஆளில்லாத இடங்களில் செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டிருக்கும் அழகை வைத்து எண் தருகிறார்கள். வெர்னான் டுவோரக் என்ற அமெரிக்கர் 1970-களில் வகுத்த முறை அது. டி 1.5 என்றால் தாழ்வு மண்டலம், டி 2.5 என்றால் புயல். புயலாகும்வரை எதற்கும் பெயரில்லை. பெயரில்லாத இந்தக் கீழ்ப்படிகள்தான் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திண்டுக்கல்லின் கிணறுகளை நிரப்புகின்றன.

பெயர் பெற்ற ஒன்று 2018-ல் இந்தச் சமவெளியைத் தேடியே வந்தது. நவம்பர் 8-ம் தேதியை ஒட்டித் தாய்லாந்து வளைகுடாவில் ஒரு தாழ்வுப் பகுதி. மலாய் தீபகற்பத்தைத் தாண்டி அந்தமான் கடலுக்கு வந்தது. 10-ம் தேதி தாழ்வு மண்டலம், 11-ம் தேதி புயல். இலங்கை தந்திருந்த ‘கஜா’ என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 16-ம் தேதி நள்ளிரவு தாண்டி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. டெல்டாவின் தென்னைகள் விழுந்த கோலத்தைத் தமிழகம் மறக்கவில்லை. அன்று பகலில் அது மேற்கே, திண்டுக்கல் பக்கமாக வந்தது. அறிக்கையில் புயல் என்ற தரம் போய் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று மாறிக்கொண்டிருந்த அதே நாளில், கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் விழுந்து போக்குவரத்து அறுந்தது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் மக்கள், புயல் தங்கள் ஊருக்கும் வரும் என்று கண்டுகொண்டார்கள். 1977-ஐப் பார்த்தவர்களுக்கு அது இரண்டாம் முறை.

இடைப்பட்ட நாற்பது ஆண்டில் முறை மாறவில்லை என்று சொல்ல முடியாது. 1977-ல் எச்சரிக்கைக்கு இரண்டே கட்டங்கள் இருந்தன, இரண்டும் கரையோர மாவட்டங்களுக்கானவை. 1999-ல் அது நான்கு கட்டமானது. முதலில் முன்கூட்டிய கண்காணிப்பு, பிறகு உஷார் அறிவிப்பு, பிறகு எச்சரிக்கை. நான்காவது கட்டம் நமக்கு முக்கியமானது. புயல் கரையேறுவதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பே, கரையேறிய பின் அது எந்தத் திசையில் போகும், உள்மாவட்டங்களில் காற்றும் மழையும் எப்படி இருக்கும் என்று சொல்லும் அறிக்கை அது. துறைமுகம் இல்லாத ஊர்களைப் புயல் எச்சரிக்கை முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைத்தது அப்போதுதான். கூண்டு ஏற்றத் தொடங்கிய காலத்திலிருந்து கணக்கிட்டால் இது மிகத் தாமதம்.

ஏணியின் கீழ்முனையிலும் ஒரு கோளாறு இருந்தது. 2017 நவம்பர் 29-ல் இலங்கைக்குத் தெற்கே தாழ்வு மண்டலமான ஒன்று, 30-ம் தேதி காலைக்குள் ‘ஒக்கி’ புயலாகிக் குமரிக் கடலில் நின்றது. ஒரே நாளில் இரண்டு படி ஏறிவிட்டது. அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்கு ‘தாழ்வுப் பகுதி’ என்ற சொல் எதையும் உணர்த்தவில்லை, ‘புயல்’ என்ற சொல் போய்ச் சேர நேரமில்லை. குமரி மாவட்டக் கடலோரம் இன்னும் அந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை. இப்போது வானிலைத் துறையின் டெல்லி மையம் தினமும் வெளியிடும் வெப்பமண்டல வானிலை முன்னோட்டத்தில், ஏழு நாள் வரை ஒவ்வொரு நாளுக்கும் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பு இல்லை, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று குறிக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் குறைவு, மூன்றில் இரண்டைத் தாண்டினால் அதிகம். பிறக்காத ஒன்றைப் பற்றிப் பேச ஒரு மொழி கிடைத்திருக்கிறது.

ஆனாலும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னையின் ஓராண்டு மழையில் பெரும்பகுதிக்குச் சமம் அது. திண்டுக்கல்லின் ஓராண்டு மழையைவிட அதிகம். அன்று வரைபடத்தில் புயல் இல்லை, தாழ்வு மண்டலம் இல்லை, குமரிக் கடல் பக்கம் ஒரு சுழற்சி மட்டுமே இருந்தது. ஏணியின் அடிப்படி.

இதனால்தான் திண்டுக்கல்காரர் அறிக்கையின் முதல் வாக்கியத்தைவிட இரண்டாம் பாதியைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அங்கே வரும் சொற்கள் காற்றைப் பற்றியவை அல்ல, மழையைப் பற்றியவை, அவற்றுக்கும் துல்லியமான அளவுகள் உண்டு. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை. 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. ‘ஓரிரு இடங்களில்’ என்பதைப் பலர் பேச்சுக்குச் சொல்லும் சொல்லாக நினைக்கிறார்கள். அதுவும் கணக்குத்தான். ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேற்படாமல் மழை பதிவாகும் என்று பொருள். கால்வாசியைத் தாண்டி அரைவாசி வரை என்றால் ‘ஒருசில இடங்கள்’. முக்கால்வாசியைத் தாண்டினால் ‘பெரும்பாலான இடங்கள்’. சிறுமலையையும் பழனி மலையையும் ஒட்டிக் கிடக்கும் இந்தச் சமவெளியில் நத்தம் பக்கம் ஓடை புரளும்போது வேடசந்தூரில் புழுதி பறக்கும். ‘ஓரிரு இடங்களில்’ என்ற அறிவிப்பு இரண்டு ஊருக்கும் பொய்யாகாது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கையும் தக்காளியும் அனுப்புகிறவரும், நிலக்கோட்டையில் மல்லிகை பறிக்கிறவரும், ஆத்தூர் அணையின் மட்டத்தைக் குறிக்கிற ஊழியரும் காத்திருப்பது இந்த இரண்டாம் பாதிக்குத்தான்.